அப்பீலின் மூன்றாம் பக்கம்

நீதிபதி என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் குமாஸ்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் கறுப்புக் கோட்டு போட்டதில் எனக்குள் ஊறிப்போன பழக்கம் அது. ஒருவருக்குத் திட்டு விழும்போது பக்கத்தில் நிற்பவர் எப்படி நிற்கிறார் என்று பார்ப்பேன். அவர் சாதுவாக நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. அதுதான் எனக்கு உறுத்தியது.

கோர்ட்டில் அவருக்குப் பேர் கோந்து. மற்ற குமாஸ்தாக்கள் பேப்பர்களுக்கு ஸ்டேப்ளர் பின் குத்துவார்கள். இவர் ஊசி நூலால் தைத்து, முதுகில் கோந்து தடவி, ஒரு துணிப்பட்டை ஒட்டி, கல்யாணப் பெண்ணை அனுப்புகிற மாதிரிதான் மனுவை கவுண்டருக்கு அனுப்புவார். பத்தொன்பது வருஷமாக என்னிடம் ஒட்டிக்கொண்டிருப்பதாலும் அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அவருக்கு இன்னொரு பழக்கம். எந்த மனுவாக இருந்தாலும் தைப்பதற்கு முன் முதல் பக்கத்தை, வரிக்குக் கீழே விரலை வைத்து, சத்தமாகப் படிப்பார். "மனுதாரர் யாரு, எதிர் மனுதாரர் யாரு, எந்தக் கோர்ட்டு, எந்த நம்பரு." நான் பக்கத்து அறையில் கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பேன். ஒன்றாம் வகுப்புப் பையன் பாடம் ஒப்பிப்பது போல அந்தக் குரல் வந்துகொண்டிருக்கும். "மனசுக்குள்ள படிங்களேன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "மனசுக்குள்ள படிச்சா கண்ணு தாண்டிப் போயிடும் மேடம்" என்பார்.

என் கட்சிக்காரர் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி வைத்திருப்பவர். அவர் பராமரித்த லிஃப்ட் ஒன்று யாரும் கூப்பிடாமலேயே ஆறாம் மாடியிலிருந்து கீழே இறங்கியதில் ஒரு டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. டீச்சர் வழக்குப் போட்டார். லிஃப்டை எப்போதெல்லாம் சோதித்தீர்கள், பதிவேட்டைக் காட்டுங்கள் என்றது கோர்ட். நான் பதில் மனு எழுதினேன். நாலாம் பக்கத்தின் கடைசி வரியில் 'பதிவேடு எங்கள் அலுவலகத்தில் இல்லை' என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், அது பழைய குடோனில் இருக்கிறது, எடுத்துத் தருகிறோம் என்று எழுதியிருந்தேன். ஆறாம் பக்கத்தில் என் கையெழுத்து.

கோர்ட்டுக்குப் போன மனுவில் ஐந்தாம் பக்கம் இல்லை. நாலுக்கு அடுத்து ஆறு, அதற்கு ஐந்து என்று நம்பர் போட்டு, அழகாகத் தைத்து, கோந்து தடவி. பதிவேடு என்ற ஒன்றே கிடையாது என்று நாங்கள் சாதித்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதே பதிவேட்டின் நகலை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். லிஃப்ட்காரரிடம் கோபித்துக்கொண்டு போன மெக்கானிக் ஒருவன் கொடுத்திருக்கிறான். அதில் நாலு மாதம் யாரும் லிஃப்ட் பக்கமே போகவில்லை என்று தெளிவாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். எல்லா மனுவும் ஒரே மாதிரிதான் முடியும்: ஆகவே கோர்ட் கருணை கூர்ந்து இந்த மனுவை ஏற்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு பத்துக் கடைசிப் பக்கத்தில், நம்பர் போடாமல், கையெழுத்து மட்டும் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிடுவேன். அடுத்த வாரம் நான் எங்கே அலைந்துகொண்டிருந்தாலும் வேலை நிற்காது. "டிராயருக்குப் பூட்டாவது போடுங்க மேடம்" என்று கோந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பூட்டு வாங்க வேண்டும் வேண்டும் என்று இருபது வெள்ளிக்கிழமை போய்விட்டது.

"ஒரு பக்கம் இருந்துச்சு ஐயா. யாரோ எடுத்திருக்காங்க" என்றேன் நீதிபதியிடம். எனக்கே அது பள்ளிக்கூடப் பிள்ளையின் சாக்கு மாதிரி கேட்டது.

நீதிபதி கோந்துவைக் கூப்பிட்டார். "ஆபீஸ்ல யார் என்ன சொன்னாங்க, எப்போ சொன்னாங்கன்னு நீங்க ஏதாவது குறிச்சு வைப்பீங்களா?"

"இல்லீங்க ஐயா" என்றார் கோந்து.

அது பச்சைப் பொய். அவர் டைரி எழுதுவார். நீல அட்டை போட்ட சின்ன டைரி. நான் போனில் ஒரு தும்மல் போட்டால்கூட மணி, நிமிஷம் போட்டு எழுதிவைக்கிற மனுஷர். கோர்ட்டில் நின்று, என் கண்ணெதிரே, டைரியே இல்லை என்கிறார். பக்கத்தை எடுத்தவன்தானே டைரியை ஒளிப்பான்?

அன்று சாயங்காலம் உத்தரவு எழுத்தில் வந்தது. 'இந்த வழக்கறிஞர் தெரிந்தே நீதிமன்றத்தை ஏமாற்றியிருக்கிறார். ஆறு மாதம் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராகக் கூடாது.' ஆறு மாதம் போய்விடும், தாங்கிக்கொள்ளலாம். 'தெரிந்தே' என்ற அந்தச் சொல் போகாது. இனி எந்தக் கோர்ட்டில் நான் வாயைத் திறந்தாலும் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் போதும்.

என்னோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான். அப்பீல் வழக்குகள் மட்டும்தான் நடத்துவான். மேல் கோர்ட்டை விட்டுக் கீழே இறங்கவே மாட்டான் என்பதால் அவனுக்கு மேல்மாடி என்று பேர். படிக்கிற காலத்தில் அவனுடைய மேல்மாடி காலி என்று நான்தான் கிண்டல் பண்ணுவேன். இப்போது அவன் ஆபீஸில் உட்கார்ந்து அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திட்டினதுக்கு அப்பீல் கிடையாது. நீதிபதி வாயால உன்னை என்ன வேணா சொல்லலாம், துடைச்சிட்டுப் போக வேண்டியதுதான். ஆனா எழுத்துல, நீ தப்பு பண்ணினேன்னு தீர்மானமா எழுதி, தண்டனையும் கொடுத்தா, அதுக்கு அப்பீல் உண்டு" என்றான்.

"அப்ப நாளைக்கே போடறேன்."

"அவசரப்படாதே. வழக்கு நடுவுல வந்த உத்தரவு இது. டீச்சர் வழக்கு முடியுற வரைக்கும் மேல் கோர்ட்டு உன்னை உள்ளேயே விடாது. அப்பீல் முடியுற வரைக்கும் உன் தண்டனையும் தூங்கும். வழக்கு முடிஞ்சதும் முப்பது நாள். முப்பத்தொண்ணாவது நாள் வந்தேன்னா கதவு சாத்திடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. இதுல நீ வக்கீல் இல்ல. நீதான் கட்சிக்காரி. எழுதினதும் எங்கிட்ட ஒரு தடவை காட்டு" என்றான்.

கட்சிக்காரி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் வக்கீல் என்று நிமிர்ந்து நடந்தவளை ஒரே வார்த்தையில் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டான். அதுவும் எங்கிட்ட காட்டு என்கிறான். காட்டினால் நாளை மத்தியானம் கேன்டீனில் என் அப்பீல்தான் தொட்டுக்கொள்ள. சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு கோந்துவின் மேல் என் கண் விழுந்தது, எடுக்கவே முடியவில்லை. முன்பெல்லாம் டைரியை மேஜை மேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். இப்போது சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தாவோடு டீக்கடையில் தலையோடு தலை முட்டப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றேன். "சும்மாதான் மேடம், வெயிலைப் பத்தி" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல் டாக்டர். ஊரார் வாயைப் பார்த்தே பாதி ஆயுள் போனதால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்.

"அவரு உன் பக்கத்தை எடுத்து என்ன பண்ணப் போறாரு? வடை மடிக்கவா?" என்றார்.

"லிஃப்ட்காரர் ஏதாவது சொல்லி எடுக்க வெச்சிருப்பார். எங்கிட்ட கேட்காம செஞ்சிருக்கார். இல்லேன்னா ஏன் டைரியை மறைக்கணும்?"

"கேளேன் அவரையே."

"கேட்டா சொல்லுவாரா?"

"நீ நம்ம கல்யாணத்தன்னிக்கே தாலி தங்கமான்னு உரசிப் பார்த்தவ" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். அது பொய். மோதிரத்தைத்தான் பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் லிஃப்ட்காரரும் டீச்சரும் சமாதானமாகிவிட்டார்கள். லிஃப்ட்காரர் என் ஆபீஸுக்கு வந்து, தலையிலிருந்து பாரம் இறங்கியவராகச் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். "உங்க மேல போட்ட உத்தரவுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லையே மேடம்?" என்று வாசலில் நின்று கேட்டார். "இல்லை" என்றேன். வழக்கு முடிந்தது. அன்றிலிருந்து முப்பது நாள்.

அப்பீலை நானே எழுதினேன். நானே டைப் அடித்தேன். பத்தொன்பது வருஷத்தில் கோந்துவின் கை படாமல் என் ஆபீஸிலிருந்து போன முதல் பேப்பர் அதுதான். காரணம் மூன்றாம் பக்கம். அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'மேற்படி ஐந்தாம் பக்கத்தை வழக்கறிஞரின் குமாஸ்தா, வழக்கறிஞருக்குத் தெரியாமல் நீக்கிவிட்டார். தன் தவறை மறைக்கவே, தான் எழுதிவரும் நாட்குறிப்பு இல்லையென்று கீழ் நீதிமன்றத்தில் பொய் கூறினார்.' இதை எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டு, முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்துத் தையுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் டைப் அடிப்பேன். காலடிச் சத்தம் கேட்டால் திரையை மாற்றிவிடுவேன். திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிற குழந்தை மாதிரி எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "அப்பீல் என்ன ஆச்சு மேடம்? நாள் போகுதே" என்று அவர் கேட்டபோதெல்லாம் "மேல்மாடி பார்த்துக்கறான்" என்றேன். இருபத்தெட்டாம் நாள், எல்லாவற்றையும் பின் குத்தி, பைக்குள் மறைத்து எடுத்துப் போய் நானே கவுண்டரில் போட்டேன். கவுண்டர்காரர் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறதா, முத்திரை ஒட்டியிருக்கிறதா, பக்கம் எத்தனை என்று பார்த்து சீல் குத்தினார். "என்ன மேடம், கோந்து லீவா?" என்றார். ஆமாம் என்றேன்.

முப்பத்து மூன்றாம் நாள் அது விசாரணைக்கு வந்தது. கோர்ட் வராந்தாவில் அன்றைய வழக்குப் பட்டியலை ஒட்டியிருப்பார்கள். நான் சொல்லாமலேயே கோந்து வந்திருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், இதுல லிஃப்ட் கம்பெனி அப்பீல்னு போட்டிருக்கு. உங்க பேரே இல்லையே. லிஸ்ட்ல தப்பா அடிச்சுட்டானா? முதல் பக்கத்தைக் காட்டுங்க."

அக்குளில் இடுக்கியிருந்த அப்பீல் நகலை எடுத்தேன். அப்படியே கொடுத்தால் அவர் புரட்டுவார். அதனால் பின்னைக் கழற்றி, முதல் பக்கத்தை மட்டும் உருவி அவரிடம் கொடுத்தேன்.

அவர் அந்த ஒற்றைத் தாளைப் பார்க்கவில்லை. பின் குத்தியிருந்த ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு என் அக்குளில் இருந்த மிச்சத்தைப் பார்த்தார். அப்போதே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விரலை வரிக்குக் கீழே வைத்து, வராந்தாவில் பத்துப் பேர் நடுவே, எப்போதும்போலச் சத்தமாகப் படித்தார்.

"மேல்முறையீட்டாளர்: லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி, தங்கள் வழக்கறிஞர் மூலம்."

கடைசியில்தான் என் பேர் வந்தது. வக்கீலாக.

பழைய பதில் மனுவின் தலைப்பையே எடுத்து வைத்துக்கொண்டு மேலே அப்பீல் என்று மாற்றியிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக அந்த இடத்தில் வேறு யார் பேரையாவது எழுதியே பழகிய கை. என் பேர் எப்போதும் கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில்தான் வரும். உள்ளே முழுக்க 'மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர்' என்று என்னையே மூன்றாம் மனுஷியாக எழுதியிருக்கிறேன். அதை எத்தனை முறை மனசுக்குள் படித்தேனோ, அத்தனை முறையும் கண் தாண்டிப் போயிருக்கிறது.

"இன்னிக்கு முப்பத்து மூணு மேடம்" என்றார் கோந்து மெதுவாக. "உங்க பேர்ல போட வேண்டிய முப்பது தாண்டிடுச்சு."

அதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

மேல் கோர்ட்டில் இருந்தவர் ஒரு நீதிபதி அம்மா. மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துப் படிக்கிறவர். பொறுமைசாலி என்று பேர். அன்று எனக்கு அந்தப் பொறுமையே எமனாக வந்தது.

"லிஃப்ட் கம்பெனிக்கு இந்த உத்தரவால என்ன பாதிப்பு?" என்றார்.

"இல்லை அம்மா, பாதிப்பு எனக்குத்தான்."

"அப்ப நீங்கதானே வந்திருக்கணும்? கம்பெனி எதுக்கு வந்திருக்கு? அவங்க வழக்கே முடிஞ்சு போச்சே."

"தலைப்புல ஒரு சின்னத் தவறு..."

"யார் அப்பீல் பண்றாங்கங்கறது சின்ன விஷயமா?" என்று சொல்லிவிட்டுப் புரட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அங்கே நின்றார். "வழக்கறிஞரின் குமாஸ்தா, வழக்கறிஞருக்குத் தெரியாமல் நீக்கிவிட்டார். தன் தவறை மறைக்கவே..." முழுக்கப் படித்தார். நிறுத்தி, நிதானமாக, கடைசி வரிசை பெஞ்சு வரை கேட்கும்படி. "அந்தக் குமாஸ்தா இப்பவும் உங்ககிட்டதான் வேலை பார்க்கிறாரா?"

நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. "ஆமாம் அம்மா" என்றேன்.

அப்பீல் தள்ளுபடி. நான் என் பேரில் புதிதாகப் போடலாம், ஆனால் நாள் தவறியதற்கு உண்மையான காரணத்தை எழுதித் தர வேண்டும், அது திருப்தியாக இருந்தால் தாமதத்தை மன்னிப்பதைப் பற்றி யோசிப்போம் என்றார். அதற்கு ஒரு வாரம். அதுவரை ஆறு மாதத் தடை தொடங்காது.

ஆபீஸுக்குத் திரும்பும் வழியில் நானும் கோந்துவும் ஒரே ஆட்டோவில் வந்தோம். ஆளுக்கொரு பக்கம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டோக்காரர்கூட கண்ணாடியில் இரண்டு தடவை எங்களைப் பார்த்தார்.

உள்ளே வந்ததும் கோந்து தன் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். "சொல்லுங்க மேடம். அடிச்சுடறேன். இன்னிக்கே போட்டுடலாம்."

"என்னன்னு சொல்றது?"

"குமாஸ்தா தப்பா அடிச்சுட்டான்னு போட்டுடுங்க. தலைப்பை மாத்திட்டான்னு. ஏற்கெனவே மூணாம் பக்கத்துல இருக்கேன். முதல் பக்கத்துக்கும் சேர்த்து இருந்துட்டுப் போறேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். காப்பி எத்தனை எடுக்கணும் என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். எனக்கு வெட்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. எரிச்சலைத்தான் வெளியே விட்டேன். அதுதானே எனக்குப் பழக்கம்.

"பின்ன நீங்க ஏன் டைரி இல்லேன்னு பொய் சொன்னீங்க? டீக்கடையில அந்தக் குமாஸ்தாவோட என்ன ரகசியம்?"

"உங்க அப்பீலை எதிர்க்க வேண்டாம்னு அவங்க வக்கீல்கிட்ட சொல்லச் சொல்லிக் கெஞ்சிட்டிருந்தேன்" என்றார். "கெஞ்சினது உங்களுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு போட்டிருப்பீங்க."

பிறகு சட்டைப் பையிலிருந்து நீல டைரியை எடுத்தார். பக்கத்தைத் தேடவே இல்லை. விரல் தானாக அங்கே போனது. என் முன்னால் விரித்து வைத்தார். பொடிப் பொடியான எழுத்து.

'மாலை 5.40. மேடம் போன். பல் டாக்டர் ஐயாவின் கிளினிக்கில் இருக்கிறார், பல் பிடுங்கியாச்சு, பேச்சு குழறுகிறது. லிஃப்ட்காரர் சொல்கிற மாதிரி மாற்றிப் போட்டுவிடுங்கள் என்றார். ஐந்தாம் பக்கத்தையே எடுக்கச் சொல்கிறார் மேடம் என்றேன். எடுங்க, வலிக்குது என்றார். பதிவேடு விஷயம் அதில்தான் இருக்கிறது என்றேன். எடுங்கன்னு சொல்றேன்ல என்றார். போன் வைத்துவிட்டார். பக்கம் எடுத்தாச்சு.'

கடைவாய்ப் பல். ஞாபகம் வந்தது. வாயின் ஒரு பாதி மரத்துப்போய், கன்னத்தில் பஞ்சோடு, என் வீட்டுக்காரரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனைக் காதில் வைத்தது. யாரோ ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. எப்படியாவது போனை வைத்தால் போதும் என்று இருந்தது. நான் மறந்தேனா, மறப்பது சௌகரியமாக இருந்ததால் மறந்தேனா? இன்று வரை எனக்கே தெரியாது. ஆனால் 'எடுங்கன்னு சொல்றேன்ல' என்பது என் வாய்தான். வேறு யாருக்கும் அந்த வாய் வராது.

"இதை அன்னிக்கு அந்த நீதிபதிகிட்ட கொடுத்திருந்தா உங்க கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்" என்றார் கோந்து. "அதான் இல்லேன்னேன். பத்தொம்பது வருஷத்துல கோர்ட்டுல சொன்ன ஒரே பொய்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்கவே இல்லையே மேடம். பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்தது. டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே, போன வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கங்கள் அடுக்காக இருந்தன. அவற்றை எடுத்தேன். நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

"அடிங்க" என்றேன். "மேல்முறையீட்டாளர்னு போட்டு என் பேரு. முதல்ல என் பேரு."

அடித்தார்.

"தாமதத்துக்குக் காரணம். அப்பீலை நானே டைப் அடிச்சேன். ஏன்னா, என் குமாஸ்தாவை நான் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் தப்பு. அவர் பார்த்திருந்தா இந்தத் தவறு நடந்திருக்காது."

அடித்துக்கொண்டிருந்த விரல்கள் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தன. முடித்துவிட்டு, "மத்ததெல்லாம் பழையபடிதானே? ஒண்ணு, ரெண்டு, மூணாம் பக்கம்?" என்றார் திரையைப் பார்த்தபடி.

மூன்றாம் பக்கம் இல்லாமல் அந்த அப்பீலில் மிச்சம் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பக்கத்தை எடுத்தது நான் இல்லை என்பது ஒன்றுதான் என் கட்சி. அதை எடுத்துவிட்டால் 'தெரிந்தே' என்ற சொல் அப்படியே நிற்கும். ஆறு மாதம் வாசலில் என் போர்டு இருக்காது. அதற்குப் பிறகு மாட்டினாலும் யார் ஏறி வருவார்கள் என்று சொல்ல முடியாது. மூன்றாம் பக்கத்தை விட்டுவைத்தால் நான் பிழைக்கலாம். டைரி அவர் பையில் இருக்கிறது, அவர் காட்டப் போவதில்லை. அவரே இருந்துட்டுப் போறேன் என்றும் சொல்லிவிட்டார். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அதை யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"மூணாம் பக்கத்தை எடுத்துடுங்க" என்றேன்.

கோந்து கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நீல டைரியை இழுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றி எழுதினார். எழுதி முடித்ததும் டைரியை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

'பிற்பகல் 3.15. மேடம் நேரில். மூன்றாம் பக்கத்தை எடுக்கச் சொன்னார்.'

"கீழே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னிடம் கையெழுத்து கேட்டு வாங்கியது கோர்ட்டுக்காகத்தான், ஒருநாளும் தனக்காக இல்லை. நான் விரலை வரிக்குக் கீழே வைத்து, சத்தமாக ஒரு முறை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.